ஓடுபாதையில் மாடு மேயும் இடம்: கிரீனம் காமனை நடந்து பார்க்க முழுமையான வழிகாட்டி

மாமனார் இங்கிலாந்துக்கு வந்திருந்தபோது லண்டனில் காட்ட வேண்டியதையெல்லாம் காட்டி முடித்திருந்தோம். கோபுரப் பாலம், அரண்மனை, மெழுகு பொம்மை எதிலும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. முப்பது வருடம் வி.ஏ.ஓ.வாக இருந்தவர். எந்த ஊருக்குப் போனாலும் நிலத்தைத்தான் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெடிங்கில் எங்கள் வீட்டிலிருந்து நாற்பது நிமிடத் தூரத்தில் இருக்கும் கிரீனம் காமனுக்குக் கூட்டிப் போனேன்.

"இங்கதான் மாமா அமெரிக்காக்காரன் அணு ஏவுகணை வச்சிருந்தான்" என்று நான் ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவே இல்லை. ஓடுபாதை இருந்த வெட்டவெளியில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "மாப்ள, இது மேய்க்கால் பொறம்போக்குதானே? இதுல எப்படி ஏரோட்ரோம் கட்ட விட்டாங்க?"

அதற்குப் பதில் சொல்லி முடிக்க எனக்கு ஒரு முழு மதியம் பிடித்தது. அன்று நடந்த வழியையே இங்கே எழுதுகிறேன். அதற்குப் பிறகு பல முறை போய்வந்ததில் கற்றுக்கொண்டதும் கூடவே வரும்.

போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் கவுண்டியில் நியூபெரி, தாட்சம் என்ற இரண்டு ஊர்களுக்குத் தெற்கே, கென்னட் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே, மேசை போலத் தட்டையாக ஒரு மேட்டு நிலம் இருக்கிறது. மேற்குப் பக்கம் கிரீனம் காமன், கிழக்குப் பக்கம் குரூக்கம் காமன். இரண்டும் சேர்ந்தால் ஆயிரம் ஏக்கருக்கு மேல்.

'காமன்' என்பதற்கு நம் ஊரில் கிட்டத்தட்டப் பொருந்தும் சொல் மேய்க்கால்தான். ஆனால் மாமா நினைத்ததுபோல அது அரசுப் புறம்போக்கு இல்லை. நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார். சுற்றுவட்டாரத்தில் குறிப்பிட்ட வீடு, நிலம் வைத்திருப்பவர்களுக்கு அதில் மாடு, குதிரை மேய்க்கவும் விறகு பொறுக்கவும் தலைமுறை தலைமுறையாக உரிமை இருக்கும். சொந்தக்காரர் மாறினாலும் அந்த உரிமை மாறாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நீதிமன்றம் வரைக்கும் இது வரும்.

1941-இல் போருக்காக அரசு இந்த நிலத்தை எடுத்துக்கொண்டு விமானத்தளம் அமைத்தது. 1950-களில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களுக்காக 10,000 அடி, அதாவது சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய ஓடுபாதை போட்டார்கள். 1983 முதல் 1991 வரை 96 குரூஸ் அணு ஏவுகணைகளுக்கு இதுதான் இருப்பிடம். தளம் 1990-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் வேலியை எடுத்துவிட்டுப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவ்வளவுதான் முன்கதை. மீதியை அந்தந்த இடத்தில் நின்று பேசிக்கொள்ளலாம்.

எந்த மாதம் போவது

என்னைக் கேட்டால் ஆகஸ்ட். ஹெதர் செடி முழுக்கப் பூத்து, மேடு பூராவும் ஊதா நிறமாகக் கிடக்கும். மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை வரை பறவைக்காரர்களுக்கான காலம். குளிர்காலத்தில் போகக்கூடாது என்றில்லை. ஆனால் இது மறைப்பே இல்லாத மேட்டு நிலம். கீழே நியூபெரி கடைத்தெருவில் இதமாக இருக்கும் காற்று இங்கே காதை அறுக்கும். மாமாவுக்கு அன்று மே மாதத்திலேயே குரங்கு குல்லாய் தேவைப்பட்டது.

மார்ச் முதல் தேதியிலிருந்து ஜூலை 31 வரை ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆள்காட்டி, வானம்பாடி, பக்கி போன்ற பறவைகள் இங்கே தரையிலேயே முட்டையிடும். அந்த மாதங்களில் முக்கியப் பாதையை விட்டு விலகக்கூடாது, நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொள்ள வேண்டும். சரளைக்கல்லோடு சரளைக்கல்லாக இருக்கும் முட்டையை மிதித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

வார நாளா, வார இறுதியா? பழைய விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள், வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை. கிளம்பும் முன் அவர்கள் இணையதளத்தில் நாளையும் நேரத்தையும் பார்த்துவிடுங்கள். சனி, ஞாயிறு என்றால் ஏமாற்றம் குறைவு. நடைபாதைக்கு அந்தக் கவலை இல்லை, எந்த நாளும் நடக்கலாம், கட்டணமும் கிடையாது.

போய்ச் சேர்வது

காரில் வருவது சுலபம். லண்டனிலிருந்து எம்4 நெடுஞ்சாலை, பிறகு நியூபெரி, அங்கிருந்து பெரீஸ் பேங்க் ரோடு. இந்தச் சாலை காமனின் வடக்கு விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. 'கட்டுப்பாட்டுக் கோபுரம்' என்று பெயர்ப்பலகை போட்ட வாகன நிறுத்தத்தில் வண்டியை விடுங்கள். உள்ளே போகும்போதே கதவு பூட்டும் நேரம் எழுதிய பலகையைப் படித்துவிடுங்கள், திரும்பி வரும்போது படித்துப் பயனில்லை. இன்னொன்று: இந்தச் சாலையில் மாடு குறுக்கே வரும். ஹார்ன் அடித்தால் நகராது. நம் ஊர் மாட்டுக்கு இருக்கும் அதே நிதானம்.

ரயிலில் வருபவர்கள் லண்டன் பேடிங்டனில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நியூபெரி. நிலையத்திலிருந்து டாக்சி பிடிப்பது உத்தமம். நடக்கத் தெம்பு இருந்தால் நியூபெரிக்கு முன்னதாகவே தாட்சத்தில் இறங்கலாம். நிலையத்தை ஒட்டியே ரயில்வே கேட், கேட்டைத் தாண்டியதும் கென்னட்-ஏவன் கால்வாய், அதற்கு அப்புறம் மேடு. அந்த கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏறும் சாலையில் சில இடங்களில் நடைபாதை கிடையாது. குழந்தைகளோடு அந்த வழி வேண்டாம்.

என்ன போட்டுக்கொள்வது, என்ன எடுத்துப்போவது

கால் முழுக்க மூடும் பேண்ட், நீளமான சாக்ஸ். காரணம் உண்ணி. புதர், பெரணி ஓரங்களில் உண்ணி இருக்கும், அதன் கடியால் லைம் என்ற நோய் வரலாம். வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னாலும் இடுப்பு மடிப்பிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும்.

பாம்பும் உண்டு. ஆடர் என்ற சிறிய விரியன் வகை. இங்கிலாந்தின் ஒரே நச்சுப்பாம்பு அதுதான். காலடி அதிர்ந்தாலே விலகிப்போகும். பத்துப் பன்னிரண்டு முறை போய்வந்ததில் ஒரே ஒரு தடவை, அதுவும் வசந்தகால வெயிலில் சுருண்டு படுத்திருந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். முதுகில் கோணல் கோணலாகக் கறுப்புப் பட்டை. புதருக்குள் கை விடாமல் இருந்தால் போதும்.

தண்ணீர், காற்று தடுக்கும் மேல்சட்டை, இருந்தால் ஒரு பைனாகுலர். கோபுரம் மூடியிருக்கும் நாளில் கழிப்பறையை நம்ப முடியாது, அதை மனதில் வைத்துக் கிளம்புங்கள்.

முதல் படி: கோபுரத்தில் ஏறுங்கள்

பலர் நேராக நடக்கப் போய்விட்டுக் கடைசியில் டீ குடிக்கக் கோபுரத்துக்கு வருகிறார்கள். நான் மாற்றிச் செய்யச் சொல்வேன். கீழே நின்று பார்த்தால் இது வெறும் வெட்டவெளி, எது எங்கே இருந்தது என்று ஒன்றும் புரியாது. மேலே ஏறினால் எல்லாம் கோடு போட்ட மாதிரி தெரியும்.

கட்டடம் பார்க்க அழகாக இருக்காது. 1950-களின் அமெரிக்க விமானப்படைக் கட்டடம், டப்பா மேல் டப்பா வைத்ததுபோல. தளம் மூடிய பிறகு ரொம்ப காலம் பாழடைந்து கிடந்தது. பிறகு வரலாற்றுக் கட்டடமாகப் பட்டியலில் சேர்த்து, பழுது பார்த்து, 2018-இல் அருங்காட்சியகமாகவும் சிற்றுண்டிக் கடையாகவும் திறந்தார்கள். நுழைவுக்குக் காசு இல்லை, உண்டியல் இருக்கிறது.

காட்சிப் பொருட்களை வைத்திருக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். ஒரு பக்கம் விமானப்படை, இன்னொரு பக்கம் அதை எதிர்த்து வெளியே கூடாரம் போட்டிருந்த பெண்கள், இரண்டையும் ஒரே கூரைக்குள் வைத்திருக்கிறார்கள். தன்னார்வலர்களோடு பேச்சுக் கொடுங்கள். பெரும்பாலும் உள்ளூர்ப் பெரியவர்கள், அட்டையில் எழுதாத கதை அவர்களிடம் நிறைய.

படியேறி உச்சியில் இருக்கும் கண்ணாடி அறைக்குப் போனால் நாலாபக்கமும் தெரியும். இதுதான் விமானங்களுக்கு இறங்கவும் ஏறவும் அனுமதி கொடுத்த அறை. தெற்கே பாருங்கள்: இடமிருந்து வலமாக, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு நீளமான வெளிறிய பட்டை ஓடும். அதுதான் ஓடுபாதை இருந்த தடம். அதற்கு அப்பால் தெரியும் கூரைகள் படைவீடுகள் இருந்த பகுதி, இப்போது தொழிற்பேட்டை. தென்மேற்கு மூலையில் புல் முளைத்த பெரிய மண்மேடுகள். முதல்முறை பார்ப்பவர் இயற்கையான குன்று என்றே நினைப்பார். இந்த மூன்றையும் இங்கிருந்தே அடையாளம் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

வயதானவர்கள் கூட வந்தால் ஒரு வார்த்தை: படி ஏற முடியாதவர்களுக்குக் கீழேயே டீக்கடை, வெளியே உட்கார இடமும் இருக்கிறது. மாமா இரண்டு தடவை ஏறினார். இரண்டாவது தடவை நிலத்தின் எல்லையை மனக்கணக்காக அளப்பதற்கு.

இரண்டாவது படி: ஓடுபாதை

கோபுரத்திலிருந்து இறங்கித் தெற்கே நடந்தால் சில நிமிடங்களில் பழைய கான்கிரீட் காலடியில் வரும். ஓடுபாதையின் ஒரு துண்டை மட்டும் அடையாளத்துக்காக விட்டுவைத்திருக்கிறார்கள். மீதியை 1990-களின் நடுவில் பெயர்த்து, உடைத்து, ஜல்லியாக விற்றுவிட்டார்கள். அதில் ஒரு பகுதி நியூபெரி புறவழிச்சாலைக்குப் போனது. நீங்கள் அந்தப் புறவழிச்சாலை இருக்கும் ஏ34 நெடுஞ்சாலையில் வந்திருந்தால் ஒருவேளை குண்டுவீச்சு விமானம் ஓடிய கல்லின் மேல்தான் வண்டி ஓட்டி வந்திருப்பீர்கள்.

கான்கிரீட் துண்டின் நடுவில் நின்று கிழக்கே பாருங்கள். 1944 ஜூன் 5-ஆம் தேதி மாலை, இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த ஐசன்ஹோவர் வந்த தளம் இது. நார்மண்டிப் படையெடுப்புக்கு முந்தைய மாலை. அமெரிக்க ராணுவத்தின் 101-ஆவது வான்வழிப் படைப்பிரிவின் பாராசூட் வீரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார்கள். அவர் அவர்களோடு பேசும் புகைப்படம் உலகம் முழுவதும் தெரிந்தது. படத்தில் அவருக்கு எதிரே நிற்பவரின் கழுத்தில் 23 என்ற எண் அட்டை தொங்கும். அவர் பெயர் வாலஸ் ஸ்ட்ரோபெல். அட்டையில் இருந்தது அவர் ஏற வேண்டிய விமானத்தின் எண். அன்றிரவு சி-47 போக்குவரத்து விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இங்கிருந்து எழும்பின. ஆனால் கவனியுங்கள், அவை ஓடியது நீங்கள் நிற்கும் இந்தக் கான்கிரீட்டில் இல்லை. அன்றைய ஓடுபாதை சிறியது. இது பனிப்போர்க் காலத்தில் பி-47 குண்டுவீச்சு விமானங்களுக்காகப் புதிதாகப் போட்டது.

இப்போது குனிந்து தரையைப் பாருங்கள். வரலாறு பிடிக்காதவர்களுக்கும் இந்த இடம் பிடிக்கும். இந்த மேட்டின் மண் இயல்பிலேயே புளிப்பு மண், சரளை. அதில் ஹெதரும், மஞ்சள் பூப் பூக்கும் கார்ஸ் என்ற முட்புதரும்தான் வளரும். நாற்பது வருடம் மேலே கிடந்த கான்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணில் இறங்கிவிட்டது. விளைவு: பட்டை பட்டையாகச் சுண்ணாம்பு மண்ணில் வளரும் செடிகள், சிறிய ஆர்க்கிட் வகைகள் உட்பட, ஹெதருக்கு இரண்டடி தள்ளியே முளைத்திருக்கின்றன. சாதாரணமாக இவை ஒரே வயலில் சேர்ந்து வளராது. எந்தச் செடி நிற்கிறது என்று பார்த்தே ஓடுபாதை எங்கே முடிந்தது என்று சொல்லிவிடலாம். கிரேலிங் என்ற பழுப்பு வண்ணத்துப்பூச்சி கோடையில் இந்தச் சரளையில்தான் உட்காரும். உட்கார்ந்ததும் றெக்கையை மடித்துக் கல்லோடு கல்லாகிவிடும்.

ஓடுபாதைத் தடத்தில் நடைபாதை தட்டையாக, அகலமாக இருக்கிறது. சக்கர நாற்காலி, குழந்தை வண்டி எல்லாம் ஓட்டலாம். முழு நீளமும் போய்த் திரும்புவதற்கு 6 கிலோமீட்டராகிவிடும், எல்லோரும் முயல வேண்டியதில்லை. நடுவில் நின்று இரு பக்கமும் கொஞ்சம் நடந்தாலே அந்த நீளத்தின் பிரமாண்டம் பிடிபடும். வழியில் புல்லுக்கு நடுவே தீயணைப்புக் குழாய்த் தலைகள் துருப்பிடித்து நிற்பதைப் பார்க்கலாம். சுற்றிலும் ஒரு கட்டடமும் இல்லாத இடத்தில் எதற்குத் தீயணைப்புக் குழாய் என்று குழந்தைகள் கேட்பார்கள். அதற்குப் பதில் அடுத்த நிறுத்தத்தில்.

மூன்றாவது படி: எரிப்பதற்கென்றே செய்த விமானம்

குட்டை ஒன்றின் நடுவே விமான வடிவத்தில் இரும்புக் கூடு துருவேறி நிற்கிறது. பறந்து விழுந்தது என்று நினைத்துவிடாதீர்கள், அது பறந்ததே இல்லை. தீயணைப்பு வீரர்கள் பயிற்சிக்காக அதைத் திரும்பத் திரும்பக் கொளுத்தி அணைப்பார்கள். கோபுரத்தில் வரைபடத்தில் இடத்தைக் காட்டச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் புதர்களுக்குள் தவறவிட வாய்ப்புண்டு.

அந்தப் பயிற்சி வெறும் சடங்கு இல்லை. 1958 பிப்ரவரி 28 அன்று ஒரு பி-47 எழும்பும்போது கோளாறு. எடையைக் குறைக்க இறக்கையில் இருந்த இரண்டு எரிபொருள் தொட்டிகளைக் கழற்றிவிட்டார்கள். அவை விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. ஒன்று விமானக் கொட்டகையில் விழுந்தது, இன்னொன்று நிறுத்தி வைத்திருந்த இன்னொரு பி-47 விமானத்துக்கு அருகில். இரண்டு பேர் இறந்தார்கள். தீ பதினாறு மணி நேரம் எரிந்தது.

இதற்குப் பதினைந்து நிமிடம் போதும். அடுத்ததுதான் நேரம் எடுக்கும்.

நான்காவது படி: ஏவுகணை மேடுகள்

கோபுரத்திலிருந்து தென்மேற்காக அரை மணி நேர நடை. மேலிருந்து பார்த்த மண்மேடுகள் கிட்டத்தில் போகப் போக வளர்ந்துகொண்டே வரும். மொத்தம் ஆறு. ஒவ்வொன்றும் கான்கிரீட் காப்பறை, மேலே மண், அதற்கு மேல் புல். முன்னால் மிகப்பெரிய இரும்புக் கதவுகள். ஒரு காப்பறைக்குப் பதினாறு ஏவுகணை வீதம் 96. லாரி மேல் ஏற்றப்பட்ட ஏவுகணைகள் அவை. நெருக்கடி வந்தால் வாகன வரிசையாக வெளியே கிளம்பி, காடு மேடுகளில் பதுங்கி, அங்கிருந்து ஏவுவதுதான் திட்டம். சென்றடையும் தூரம் சுமார் 2,500 கிலோமீட்டர்.

உள்ளே போக முடியாது. தனியார் நிலம், வேலி இன்னும் இருக்கிறது. 2003-இல் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவித்துவிட்டதால் இடிக்கவும் முடியாது. வேலிக்கு வெளியே நின்றே எல்லாவற்றையும் நன்றாகப் பார்க்கலாம். தயவுசெய்து வேலி ஏறி செல்ஃபி எடுக்கும் ஆசை வேண்டாம். அந்த வேலியில் ஏற உண்மையான காரணம் இருந்தவர்கள் ஏற்கெனவே ஏறிவிட்டார்கள்.

அவர்கள் கதை இதுதான். 1981 ஆகஸ்ட் கடைசியில் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரிலிருந்து ஒரு சிறு கூட்டம் நடந்தே கிளம்பியது. பெண்கள் 36 பேர், சில ஆண்கள், குழந்தைகள். செப்டம்பர் 5 அன்று இங்கே வந்து, ஏவுகணைகள் பற்றி அரசு தங்களோடு வெளிப்படையாக விவாதிக்க வேண்டும் என்று கேட்டார்கள். நான்கு பெண்கள் வேலியில் தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. சரி என்று அங்கேயே தங்கிவிட்டார்கள். குச்சிகளை வளைத்து பிளாஸ்டிக் ஷீட் போட்ட குடிசைகள், விறகடுப்பு, சேறு. அடுத்த ஆண்டு பெண்கள் மட்டுமே தங்கும் முகாம் என்று முடிவானது. வேலியின் ஒவ்வொரு வாயிலிலும் ஒரு முகாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தின் பெயர்: மஞ்சள் வாயில், பச்சை வாயில், நீல வாயில் என்று. முகாமைக் காலி செய்ய அமலாக்க ஆட்கள் வந்து பிய்த்துப் போடுவார்கள், மாலையில் பெண்கள் மறுபடி கட்டுவார்கள்.

1982 டிசம்பர் 12 அன்று முப்பதாயிரம் பெண்கள் கைகோத்து ஒன்பது மைல் வேலியையும் சுற்றி நின்றார்கள். பிள்ளைகளின் உடுப்பு, புகைப்படம், பின்னிய கம்பளி நூல் என்று வேலி முழுக்கக் கட்டித் தொங்கவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து, 1983 புத்தாண்டு விடியலில், 44 பெண்கள் ஏணி போட்டு முள்கம்பியைத் தாண்டினார்கள். அப்போது கட்டுமானத்தில் இருந்த இந்த மேடுகளின் மேலே ஏறி, கைகோத்துச் சுற்றி ஆடினார்கள். போலீஸ் வந்து இறக்கும்வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம். பலருக்குச் சிறை. அந்த நவம்பரிலேயே ஏவுகணைகள் வந்து இறங்கின. பெண்கள் போகவில்லை.

மாமாவின் கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. தளத்துக்குள் நுழைந்ததற்காகப் பெண்கள் மேல் பாதுகாப்பு அமைச்சகத்தின் துணைவிதிகளின்படி வழக்குப் போட்டார்கள். துணைவிதியே செல்லாது என்று பெண்கள் வாதாடினார்கள். ஏன் செல்லாது? அந்த விதிகள் போட அதிகாரம் தந்த 1892-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, காமன் நிலத்தில் மேய்ச்சல் உரிமை உள்ளவர்களின் உரிமையைப் பாதிக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது. யாரும் உள்ளே வரக்கூடாது என்றால் மாடு மேய்ப்பவரும் வரமுடியாதே! 1990-இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அணு ஏவுகணையைச் சுற்றிப் போட்ட விதி மாட்டுக்காரன் உரிமையில் தடுக்கி விழுந்தது.

இதைச் சொன்னபோது மாமா ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், "ரெக்கார்டு ஒழுங்கா வச்சிருந்திருக்கான் பாரு" என்றார். அவருடைய அகராதியில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

ஏவுகணைகள் போனது அந்தத் தீர்ப்பால் இல்லை. 1987 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ரேகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் இந்த வகை ஏவுகணைகளை ஒழிக்கக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால். 1989-இல் ஏற்றிப்போக ஆரம்பித்து 1991 மார்ச்சில் முடித்தார்கள். சோவியத் அதிகாரிகள் நேரில் வந்து காப்பறை காலி என்று சரிபார்த்தார்கள். பெண்களின் போராட்டம் இந்த ஒப்பந்தத்துக்கு எவ்வளவு காரணம் என்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள், கோபுரத்தில் இரண்டு தன்னார்வலர்களிடம் கேட்டால் இரண்டு பதில் வரும். என் கருத்து, ஏவுகணையை அவர்கள் அனுப்பவில்லை. ஆனால் அது அங்கே இருப்பதை ஒருவரையும் மறக்க விடவில்லை.

ஐந்தாவது படி: அமைதித் தோட்டம்

ஏவுகணைகள் போன பிறகும் மஞ்சள் வாயில் முகாம் 2000 செப்டம்பர் 5 வரை இருந்தது. சரியாகப் பத்தொன்பது வருடம். அந்த இடத்தில் இப்போது ஒரு சிறிய தோட்டம். வேல்ஸ் நாட்டிலிருந்து கொண்டுவந்த ஏழு கற்கள் வட்டமாக நிற்கின்றன, நடுவில் முகாமின் அடுப்புத் தீயை நினைவூட்டும் சுடர்ச் சிற்பம். 1989-இல் முகாம் அருகே சாலையில் வாகனம் மோதி இறந்த ஹெலன் தாமஸ் என்ற இளம் வேல்ஸ் பெண்ணின் நினைவும் இந்தத் தோட்டத்தில் இருக்கிறது.

இது தொழிற்பேட்டையின் பிரதான நுழைவாயில் பக்கம், அதாவது நீங்கள் வண்டி நிறுத்திய இடத்துக்கு எதிர்ப்புறம். நடந்தே போகலாம். கால் வலிப்பவர்கள் திரும்பும்போது காரில் சுற்றிவந்து பார்ப்பது நல்லது. இரைச்சலான சாலை ஓரம், பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை. தொழிற்பேட்டையின் சொந்தக்காரர் யார் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 1997-இல் உள்ளூரில் ஒரு அறக்கட்டளை அமைத்து, அமைச்சகத்திடமிருந்து முழுத் தளத்தையும் வாங்கினார்கள். கட்டடப் பகுதியை வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தை உள்ளூர் நற்பணிகளுக்குத் தருகிறார்கள். திறந்தவெளியை உள்ளாட்சி மன்றத்துக்கு ஒரு பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2002-இல் தனிச் சட்டம் போட்டு மேய்ச்சல் உரிமையைத் திருப்பித் தந்தார்கள், நடக்கும் உரிமையைப் பொதுமக்களுக்கும் சேர்த்து. இப்போது அந்த வட்டார வனவிலங்கு அறக்கட்டளை நிலத்தைப் பராமரிக்கிறது. மாடும் எக்ஸ்மூர் என்ற குட்டைக் குதிரைகளும் அலங்காரத்துக்கு விட்டவை இல்லை. அவை மேயாவிட்டால் பத்து வருடத்தில் எல்லாம் பிர்ச் மரக்காடாகிவிடும், தரையில் கூடு கட்டும் பறவைக்கு இடமிருக்காது.

மாடு பக்கத்தில் வந்தால் பயப்பட வேண்டாம். கன்றோடு இருக்கும் பசுவுக்கும் உங்களுக்கும் நடுவில் மட்டும் இடைவெளி விட்டு நடங்கள். நாய் கூட இருந்து மாடு துரத்தினால் நாயை விட்டுவிடுங்கள், அது ஓடித் தப்பிக்கும். கட்டுச்சோறு பிரிக்கும் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்மூர் குதிரைக்குப் புளியோதரை வாசனை பிடிக்கும்போலிருக்கிறது, எங்களிடம் கேட்காமலே வந்து மூக்கை நுழைத்தது. கொடுக்கக்கூடாது, கொடுக்கவில்லை. மிச்சம் மீதியைப் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்தோம்.

எவ்வளவு நேரம் வைத்துக்கொள்வது

கோபுரத்துக்கு ஒரு மணி நேரம், ஓடுபாதை, எரிந்த விமானம், ஏவுகணை மேடுகள் சேர்த்து நின்று நிதானமாக நடக்க மூன்று மணி நேரம். சின்னக் குழந்தைகள் இருந்தால் கோபுரம், கான்கிரீட் துண்டு, விமானம் இவை போதும், மேடுகளைக் கோபுரத்து உச்சியிலிருந்தே காட்டிவிடுங்கள். அரை நாள்தான் இருக்கிறது என்பவர்கள் எதை விட்டாலும் கண்ணாடி அறையை விட வேண்டாம்.

இருட்டும் வரை இருக்க முடிந்தால்

மே கடைசியிலிருந்து ஜூலை வரை, காற்று இல்லாத வெதுவெதுப்பான மாலை கிடைத்தால், வண்டியைக் கதவு பூட்டும் வாகன நிறுத்தத்திலிருந்து எடுத்து வெளியே முறையான இடத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள். சூரியன் மறைந்து அரை மணி நேரம் ஆகட்டும். பாதையிலேயே நில்லுங்கள், டார்ச் வேண்டாம், செல்போன் வெளிச்சமும் வேண்டாம்.

முதலில் வானம்பாடி அடங்கும். பிறகு தூரத்தில் தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரு சத்தம் கிளம்பும். நிற்காது. மூச்சு வாங்காமல் நிமிடக்கணக்கில் ஓடும், தலையைத் திருப்பும்போது ஏறி இறங்கும். அதுதான் பக்கி. நம் ஊரில் இரவில் ரோட்டில் உட்கார்ந்திருந்து, வண்டி வெளிச்சத்தில் கண் சிவப்பாக மின்னி, கடைசி நொடியில் எழும்பிப் போகுமே, அதன் உறவுக்காரப் பறவை. இது ஆப்பிரிக்காவிலிருந்து கோடைக்கு மட்டும் வந்து ஹெதர் புதர் அடியில் தரையில் முட்டையிடுகிறது.

மாமா அந்தச் சத்தத்தைக் கேட்டு, எங்கேயோ ஜெனரேட்டர் ஓடுகிறது என்றார். பறவை என்று சொன்னதும் நம்பவில்லை. தலைக்கு மேல் கறுப்பாக ஒன்று சத்தமில்லாமல் வளைந்து போனபோது என் கையைப் பிடித்து நிறுத்தி, "பேசாத மாப்ள" என்றார்.